அலுவலகத்தில் பதினைந்து நிமிடத் தியானம்: புத்தர் இதற்குத்தான் உட்காரச் சொன்னாரா?

குப்பம் பாசஞ்சர் | திங்கள், இரவு 10.05

ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பத்திலிருந்து பெங்களூர் ஒயிட்ஃபீல்டுக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறவன் நான். விடியுமுன் ஏறினால், இரவு ஒன்பதரைக்குத்தான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவேன். போன மாதத்திலிருந்து எங்கள் அலுவலகத்தில் செவ்வாய்தோறும் மாலை நான்கு மணிக்கு மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு நடக்கிறது. நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டு கண்ணை மூட வேண்டும். மணி ஒலிக்கும். பிறகு பதிவுசெய்த ஒரு பெண் குரல், "மூச்சைக் கவனியுங்கள், எண்ணங்கள் வந்தால் மேகம்போல் கடந்துபோக விடுங்கள்" என்று சொல்லும். எங்கள் பிரிவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. புது ஆள் எடுக்கவில்லை. அவர்கள் வேலை மிச்சமிருக்கும் நாலு பேர் தலையில் விழுந்திருக்கிறது. ஆகவே எனக்கு வரும் மேகத்தில் பாதி அவர்கள் விட்டுப் போன வேலைதான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: வகுப்பு நடக்கும் நாளில் நன்றாகத் தூங்குகிறேன். வீட்டில் யார் மேலும் எரிந்து விழுவதில்லை. அதனால் இதைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். லைன் வீட்டுச் சுவரில் இரண்டே படங்கள்தான்: புத்தர், அயோத்திதாசப் பண்டிதர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பௌத்த சங்கத்துக்குப் போய்ப் பஞ்சசீலம், அதாவது ஐந்து ஒழுக்க உறுதிகள், சொல்லிவிட்டு வருவார். குடிக்க மாட்டார். எவன் வீட்டு வாசலிலும் குனிந்து நிற்க மாட்டார். ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவரும் பௌத்தர், நானும் செவ்வாய்க்கிழமை பதினைந்து நிமிடம் பௌத்தன் மாதிரி. இரண்டில் எது அசல்? என்னைப் போல ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுக்குத் தியானம் எதற்காக?

சும்மா இரு | திங்கள், இரவு 10.31

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தால் அதுவே நிர்வாணம். நின்றுகொண்டு வருகிறவனுக்குத் தியானம் தேவை.

வி.கோட்டை வாத்தியார் | செவ்வாய், காலை 6.10

தம்பி, முதலில் அந்த மேகத்தைக் கலைத்துவிடுகிறேன். பாலியில் 'சதி' என்பதைத்தான் இப்போது மைண்ட்ஃபுல்னஸ் என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் நினைவு. வடமொழியின் ஸ்மிருதியும் அதுவும் ஒன்றே. புத்தர் சதிக்குச் சொன்ன உவமைகளில் எனக்குப் பிடித்தது நம் ஊருக்கு வெகு பொருத்தமானது. புத்தர் உரைகளின் தொகுப்புகளான அங்குத்தர நிகாயத்திலும் வருகிறது, சம்யுத்த நிகாயத்திலும் வருகிறது. ஓர் அரசனுக்கு எல்லைப்புறத்தில் ஒரு நகரம். மதிலும் வாயிலும் உண்டு. வாயிலில் கெட்டிக்கார காவலன் ஒருவன். தெரிந்தவரை உள்ளே விடுவான், தெரியாதவரைத் தடுப்பான். அந்தக் காவலன்தான் சதி.

எல்லைப்புறம் என்றால் நமக்கு யாரும் விளக்க வேண்டாம். கர்நாடகத்துக்கு ஒரு பக்கம், தமிழ்நாட்டுக்கு ஒரு பக்கம் செக்போஸ்ட் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். செக்போஸ்ட்டில் நிற்கிறவன் லாரிகளை மேகம்போல் கடந்துபோக விட்டால் அவன் வேலை போய்விடும். நிறுத்துவான், தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பான், சரக்கு என்ன, எங்கிருந்து வருகிறது என்று கேட்பான். ஒவ்வொரு லாரியோடும் சண்டை போடவும் மாட்டான். அதுவும் அவன் வேலையில்லை. உங்கள் வகுப்பில் சொல்வது பாதி சரி. எண்ணத்தோடு மல்லுக்கட்டாதே என்பதுவரை சரி. யார் என்று கேட்காமலே விடு என்றால், காவலனைத் தூங்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. புத்தர் சொன்ன எண்வகை மார்க்கத்தில் நற்கடைப்பிடி, அதாவது இந்தச் சதி, ஏழாவது; நல்லொருமை, அதாவது மனம் ஒன்றுவது, எட்டாவது. அதற்கு முன்னால் பேச்சு, செயல், பிழைப்பு உட்பட ஆறு படி இருக்கிறது. உங்கள் அலுவலகம் நேராக ஏழாம் மாடிக்கு லிஃப்ட் வைத்திருக்கிறது.

ராபர்ட்சன்பேட்டை | செவ்வாய், காலை 8.45

வாத்தியார் ஐயா பாலியில் பேசட்டும். நான் தங்கவயல் மண்ணில் பேசுகிறேன்.

அயோத்திதாசர் 1898இல் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் பெற்று வந்து, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907இல் அவருடைய 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வந்தது. இங்கே தங்கவயல் மாரிக்குப்பத்திலும் சங்கம் அமைந்தது. பிரிட்டிஷ் கம்பெனிக்காகப் பூமிக்கடியில் இறங்கிய நம் ஆட்களுக்கு அந்தப் பௌத்தம் கொடுத்தது மன அமைதி இல்லை, முதுகெலும்பு. "நீ தாழ்ந்தவன் இல்லை, உன்னைத் தாழ்த்தினார்கள்" என்ற ஒரு வரலாறு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வேறு யாரையும் கெஞ்ச வேண்டாம் என்ற ஒரு சடங்கு. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு தீட்சை எடுத்தபோதும் அவர் எடுக்கச் செய்தது இருபத்திரண்டு உறுதிமொழி. கண்ணை மூடச் சொல்லவில்லை.

இன்னொரு செய்தி. சாதாரண குடும்பஸ்தர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து விபஸ்ஸனா என்ற தியானம் பழகுவது 2500 வருடப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெருவாரியான பௌத்தர்களுக்குத் தானமும் சீலமும்தான் மதம். தியானம் துறவிகளில் சிலருடைய வேலை. பர்மாவை ஆங்கிலேயர் 1885இல் முழுவதும் பிடித்தபின், அரசன் இல்லாத நாட்டில் மதம் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் லேடி சயாடோ போன்ற பிக்குகள் அதைக் குடும்பஸ்தர்கள் கையில் கொடுத்தார்கள். அந்த அலைதான் இன்று உங்கள் அலுவலகம் வரை வந்திருக்கிறது. வருமுன் அதிலிருந்து சீலத்தைக் கழற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆள் எடுக்காமல் மூச்சை எடுக்கச் சொல்கிற கம்பெனிக்கு என் தாத்தா காலத்திலேயே பெயர் இருந்தது. இங்கே எழுத முடியாது.

குப்பம் பாசஞ்சர் | செவ்வாய், இரவு 10.20

அண்ணா, அந்தப் பெயர் எனக்கும் தெரியும். பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இரவுப்பணி | புதன், காலை 7.55

நான் சித்தூரில் நர்ஸ். இப்போதுதான் பணி முடிந்து வந்தேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு முதலில் அலுவலகத்துக்காக வந்ததில்லை. ஜான் கபட்-சின் என்பவர் 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் அதைத் தொடங்கியபோது அவரிடம் வந்தவர்கள், மருந்தால் தீராத நாட்பட்ட வலிக்காரர்கள். எட்டு வாரப் பயிற்சி. பிறகு மனச்சோர்வுக்கும் ஒரு வடிவம் வந்தது. மூன்று முறை அல்லது அதற்கு மேல் மனச்சோர்வு வந்து தேறியவர்களுக்கு அது திரும்பாமல் இருக்க, இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுதலே 2004இல் அதைப் பரிந்துரைத்தது. ஆகவே "இது வெறும் கம்பெனி ஏமாற்று" என்று ஒரே வீச்சில் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு அம்பு உவமை வாத்தியார் ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். உடம்பில் ஒரு அம்பு தைக்கிறது. "ஐயோ, எனக்கா, ஏன் எனக்கு, இனி என்ன ஆகும்" என்று அடுத்த அம்பை நாமே குத்திக்கொள்கிறோம். வார்டில் இரவு இரண்டு மணிக்கு இந்த இரண்டாம் அம்பைத்தான் அதிகம் பார்க்கிறேன். எலும்பு முறிந்த பெரியவர் காலைப் பற்றி அழவில்லை. "மருமகள் என்ன சொல்வாள்" என்று அழுதார். முதல் அம்புக்கு என்னிடம் ஊசி இருக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் உறவுக்காரப் பையன் ஒரு நீண்ட முகாமுக்குப் போய்விட்டு வந்து ஆறு இரவு தூங்கவில்லை. காரணமில்லாத பயம். மனநல மருத்துவரிடம் காட்டித்தான் சரியானான். இப்படி ஆவது உண்டு என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தியானம் செய்கிறவர்களையே பேட்டி கண்டு 2017இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பயம், தூக்கமின்மை, தான் தானாக இல்லாதது போன்ற உணர்வு எல்லாம் அதில் வருகின்றன. ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பத்து நாள் முகாமுக்குப் போகாதீர்கள்.

வி.கோட்டை வாத்தியார் | புதன், மாலை 5.30

அம்மா சொன்னதற்குப் பௌத்த மூல நூலான பிடகத்திலேயே சான்று உண்டு. வைசாலியில் புத்தர் உடலின் அருவருப்பைத் தியானிக்கும் முறையைப் புகழ்ந்து பேசிவிட்டு, அரை மாதம் தனிமைக்குப் போய்விட்டார். பிக்குகள் அதை மும்முரமாகப் பழகி, உடம்பையே வெறுத்து, பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்த புத்தர் ஆனந்தரைக் கேட்கிறார்: "சங்கம் ஏன் இப்படி மெலிந்துபோய் இருக்கிறது?" காரணம் தெரிந்ததும் எல்லாரையும் கூட்டிக் கற்றுக்கொடுத்ததுதான் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. இப்போது எல்லாரும் சொல்லித்தருகிற மூச்சுத் தியானம், இன்னொரு தியானம் கெடுத்ததைச் சரிசெய்ய வந்த மருந்தாக அங்கே வருகிறது. தியானம் ஆளைக் கெடுக்கவும் கூடும் என்பதைச் சங்கம் மறைக்கவில்லை, எழுதி வைத்தது.

ராபர்ட்சன்பேட்டைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. பர்மா அலை என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அலையில் வந்தவர்கள் யார் என்று பாருங்கள். லேடி சயாடோ பிக்கு. அவரிடம் கற்ற சயா தெட் விவசாயி. அவரிடம் 1937இல் கற்ற ஊ பா கின் அரசாங்கக் கணக்கு அலுவலகத்துக்காரர். 1948இல் பர்மா விடுதலையானதும் நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனார். தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் கற்றுக்கொடுத்தார். ஆகவே அலுவலகத் தியானம் பெங்களூரில் பிறந்ததில்லை. லஞ்சத்துக்குப் பெயர்போன துறையைச் சீர்செய்ய அனுப்பினால் அனுப்பிய இடத்தில் சீர்செய்கிறவர் என்று அவருக்குப் பெயர்.

அவரிடம் 1955இல் வந்தவர் மண்டலையில் பிறந்த வியாபாரி கோயங்கா. தாங்காத ஒற்றைத் தலைவலி. பல நாடுகளில் வைத்தியம் பார்த்தும் தீரவில்லை. ஊ பா கின் அவரைச் சேர்க்க மறுத்தார். தலைவலிக்காக வராதே, தம்மத்தை அவ்வளவு மலிவாக்காதே, மனத்தைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் வா, தலைவலி போனால் அது உபரி என்ற பொருளில் சொன்னார். கோயங்காவே பலமுறை சொன்ன கதை இது. அவர் 1969இல் இந்தியா வந்து நடத்தத் தொடங்கிய பத்து நாள் முகாம்களில் இன்றும் முதல் நாள் முதல் காரியம் பஞ்சசீலம்தான். மூச்சு அதற்குப் பிறகு.

தம்பி கேட்ட 'எதற்காக' என்பதற்கு ஊ பா கின் கோயங்காவை வாசலில் நிறுத்தியது பாதி பதில் என்று நினைக்கிறேன்.

இரவுப்பணி | புதன், இரவு 7.40

ஐயா, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் தலைவலியோடு வந்தவரை வாசலில் நிறுத்துவது எங்கள் தொழிலில் முடியாது. தலைவலிக்காக வருகிறவரும் வரட்டும். கோயங்காவும் கடைசியில் தலைவலியால்தானே வந்தார்!

பட்டுக்கூடு ராமகுப்பம் | புதன், இரவு 11.15

புழு மூன்றாம் தோலுரிப்பில் இருக்கிறது. இலை போட வேண்டியதில்லை, அதனால் எழுத நேரம் கிடைத்தது. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

எனக்கு ஒன்றேகால் ஏக்கர் மல்பெரி, ஒரு புழு வளர்ப்பு மனை. மூன்று வருடம் முன்பு கடன் தொல்லையில் தூக்கம் கெட்டு, ஒரு நண்பர் சொல்லி, பத்து நாள் முகாம் போனேன். காலை நாலு மணிக்கு மணி. பேச்சில்லை, போனில்லை. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு. நாலாம் நாளிலிருந்து உச்சி முதல் பாதம் வரை உடம்பைப் பார்ப்பது. முழங்கால் வலியில் ஆறாம் நாள் ஓடிவந்துவிடலாம் என்று பையைக்கூடக் கட்டினேன். இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது கடன் அப்படியே இருந்தது; கடன்காரன் போன் வந்தால் வயிற்றைப் பிடிக்கும் அந்தப் பிடி மட்டும் குறைந்திருந்தது. நல்லது என்று நினைத்தேன்.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வாத்தியார் ஐயா சொன்ன காவலன், நான் காட்டாத லாரியையும் நிறுத்தினான்.

புழு வளர்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தோலுரிக்கும்போது புழு தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் அசையாமல் நிற்கும். தின்னாது. நாம் சுண்ணாம்பு தூவிவிட்டுச் சத்தம் போடாமல் வெளியே வர வேண்டும். "அப்பா, ஆயிரக்கணக்கில் தியானம் செய்கின்றன" என்பாள் என் மகள். நாலு முறை இப்படி. ஐந்தாம் பருவத்தில் மனைக்குள் போனால் இலை தின்னும் சத்தம் ஓட்டுக் கூரையில் தூறல் விழுவதுபோல் இருக்கும். பிறகு உடம்பு கண்ணாடிபோல் பளபளக்கும், தின்பதை நிறுத்தும். பொறுக்கிச் சந்திரிகையில், அதாவது கூடு கட்டும் தட்டில், விட்டால் மூன்று நாளில் கூடு கட்டிவிடும். ஒரே இழை, நல்ல கூட்டில் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. அதை ராமநகரம் சந்தைக்குக் கொண்டுபோய் ஏலத்தில் போடுவேன். உள்ளே புழு உயிரோடு இருக்கும். விட்டால் பூச்சியாகி, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்; இழை அறுந்துபோகும். அதனால் வாங்குகிறவர் ஆவியிலோ சூட்டிலோ கொன்று, வெந்நீரில் போட்டு நூல் எடுப்பார்.

முகாமுக்கு முன் இதெல்லாம் தெரியாதா என்றால் தெரியும். என் அப்பா காலத்திலிருந்து தெரியும். ஆனால் முகாமில் "உயிர்க்கொலை செய்யாமல் இருப்பேன்" என்று வாயால் சொன்னேன். வீட்டிலும் காலையில் உட்காருமுன் ஐந்தையும் சொல்லும் பழக்கம் வந்தது. ஒரு நாள் காலை முதல் வரி வாயில் வரவில்லை. அன்றிலிருந்து நாலுதான் சொல்கிறேன். முதலாவது வரும் இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு இரண்டாவதுக்குப் போகிறேன்.

மன அமைதிக்காகத்தான் தியானம் என்றால், எனக்கு அது இருந்த அமைதியையும் கெடுத்துவிட்டது. ஆனால் விடவும் மனமில்லை. இதற்கு ஐயா என்ன சொல்வீர்கள்?

சும்மா இரு | வியாழன், காலை 6.02

முதல் தடவை இந்த இழையில் வாயை மூடிக்கொள்கிறேன்.

வி.கோட்டை வாத்தியார் | வியாழன், காலை 9.20

நீங்கள் கேட்டதற்கு நேர்ப்பதில் என்னிடம் இல்லை. ஆனால் உங்கள் தொழில் பிக்குகளின் விதிநூலான விநயப் பிடகத்திலேயே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆளவி என்ற ஊரில் பட்டு நூல் எடுப்பவர்கள் இருந்தார்கள். பிக்குகளில் அடங்காத ஒரு கூட்டம் அவர்களிடம் போய், "எங்களுக்குப் பட்டு கலந்த விரிப்பு வேண்டும், நிறைய கூடுகளை வேகவையுங்கள்" என்று கேட்டது. அந்தத் தொழிலாளிகள் முகம் சுளித்தார்கள். "நாங்கள் பிழைப்புக்காக, பெண்டாட்டி பிள்ளைகளுக்காக இத்தனை சின்ன உயிர்களைக் கொல்கிறோம், அதுவே எங்களுக்குக் கேடு. இவர்களும் ஏன் இப்படிக் கேட்கிறார்கள்?" என்று வருந்தினார்கள். செய்தி புத்தரிடம் போயிற்று. பட்டு கலந்த விரிப்பைப் பிக்கு செய்விக்கக் கூடாது என்று விதி வந்தது.

மகா ஞானிகள் யாரும் அந்த விதியைக் கேட்டு வாங்கவில்லை. கூடு வேகவைத்த கைகளின் வருத்தம்தான் அதை வாங்கித் தந்தது. நீங்கள் முதலாவது சீலத்தின் இடத்தில் சும்மா இருக்கிறீர்களே, அவர்கள் அன்று பேசினார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: பிக்குகளைத்தான் தடுத்தார்கள். தொழிலாளிகளைத் தொழிலை விடச் சொன்னதாக அந்தக் கதையில் இல்லை. அதை உங்களுக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னேன்.

ராபர்ட்சன்பேட்டை | வியாழன், பகல் 1.10

இது எனக்குத் தெரியாத கதை. நன்றி ஐயா.

ஆனால் அண்ணா, உங்கள் உறுத்தலை நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டாம். பட்டுப்புடவை கட்டுகிறவளுக்கு உறுத்தவில்லை, கடை வைத்திருப்பவனுக்கு உறுத்தவில்லை. ஒன்றேகால் ஏக்கர்க்காரனுக்குத்தான் சீலம் இடிக்கிறது. தனித்தனியாக உட்கார வைப்பதன் வினை இதுதான். பாரம் ஊருடையது, முதுகு ஒருத்தனுடையது. தாத்தாக்கள் சங்கமாக உட்கார்ந்தார்கள், ஏனென்றால் ஒருத்தனால் முடியாது என்று தெரிந்திருந்தது.

குப்பம் பாசஞ்சர் | வெள்ளி, இரவு 10.40

நேற்று பாட்டியிடம் கேட்டேன், தாத்தா எப்போதாவது தியானம் செய்தாரா என்று. பாட்டிக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. "கண்ணை மூடி உட்கார்வாரா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: வேலையை விட்ட பிறகு, கடைசி இரண்டு மூன்று வருடம், இரவில் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். வாசல் திண்ணையில் தூணில் சாய்ந்து விடியவிடிய உட்கார்ந்திருப்பார். "என்னய்யா பண்ணுறே?" என்று பாட்டி கேட்டால், "வருதா போகுதான்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்பாராம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது ஆனாபானம்தானே ஐயா?

வி.கோட்டை வாத்தியார் | சனி, காலை 6.25

சூத்திரத்தின் சொற்களைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. நெடிதாக மூச்சை இழுத்தால் நெடிதாக இழுக்கிறேன் என்று அறிகிறான். குறுகலாக இழுத்தால் குறுகலாக இழுக்கிறேன் என்று அறிகிறான். அவ்வளவே. ஆழமாக இழு, அடக்கு, எண்ணிக்கை வை என்று அங்கே இல்லை. பிராணாயாமம் வேறு, இது வேறு. நெடிய மூச்சு விட முடியாதவனுக்கும் அதில் இடம் உண்டு.

ராபர்ட்சன்பேட்டை | சனி, காலை 7.30

மன்னிக்க வேண்டும், இதை விட முடியாது.

உங்கள் தாத்தாவுக்கு வந்தது சிலிக்கோசிஸ். பாறையைத் துளைத்த தூசி நுரையீரலில் இறுகிப்போனது. என் தாத்தாவுக்கும் அதுவே, தெருவில் பாதிப் பேருக்கும் அதுவே. தண்ணீர் பாய்ச்சித் துளையிட்டால் தூசி அடங்கும், காற்றோட்டம் இருந்தால் குறையும். மூச்சைக் காப்பாற்றும் வழி அதுதான். மூச்சுத் திணறி உட்கார்ந்த மனிதரைத் தியானி ஆக்கிப் படத்துக்கு மாலை போடாதீர்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நிர்வாணத்தை இல்லை தம்பி, அடுத்த மூச்சு வருமா என்பதை. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கத்தை மூடியபோது கணக்கைத் தீர்த்துக் காகிதம் கொடுத்தார்கள். நுரையீரலுக்குக் கணக்கு எந்தக் காகிதத்திலும் இல்லை.

குப்பம் பாசஞ்சர் | சனி, காலை 11.05

சரி அண்ணா. நான் அவசரப்பட்டேன். பாட்டி சொன்னபோது அழுதுகொண்டே சொன்னார், அதை நான் இங்கே எழுதாமல் விட்டுவிட்டேன். சிலிர்ப்பு மட்டும் எழுதினேன்.

இரவுப்பணி | சனி, மாலை 4.15

இரண்டு பேரும் சரிதான் என்று சொல்ல எனக்கு ஆசை, ஆனால் ராபர்ட்சன்பேட்டைச் சகோதரர்தான் அதிகம் சரி. மூச்சுத் திணறலோடு இரவெல்லாம் உட்கார்கிறவர்களை நான் வாரம் நாலு பேர் பார்க்கிறேன். யாரும் அமைதியாக இல்லை. ஒன்று மட்டும்: அவர்களில் சிலர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகப் பயப்படுகிறார்கள். ஆக்ஸிஜன் அளவு ஒன்றாகத்தான் இருக்கிறது. ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. உங்கள் தாத்தா அந்தச் சிலரில் ஒருவராக இருந்திருக்கலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது.

குப்பம் பாசஞ்சர் | அடுத்த செவ்வாய், இரவு 10.10

இன்றைய வகுப்பில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

என் வேலை வாடிக்கையாளர் புகார்களைப் பார்ப்பது. ஒவ்வொரு புகாரும் 48 மணி நேரத்துக்குள் 'தீர்ந்தது' என்று குறிக்கப்பட வேண்டும். தீராததையும் குறிப்போம். வாடிக்கையாளர் திரும்ப எழுதினால் புதுப் புகாராகப் பதிவாகும். கணக்கு அழகாக இருக்கும். இரண்டு வருடமாக இதைச் செய்கிறேன், ஒரு நாளும் உறுத்தியதில்லை. இன்று கண்ணை மூடியதும் வந்தது மேகம் இல்லை. நெல்லூரிலிருந்து மூன்று முறை எழுதிய ஒரு பெரியவருடைய புகார் எண் வந்தது. எண் முழுவதுமாக நினைவிருக்கிறது. சதி என்றால் நினைவு என்று ஐயா சொன்னது அப்போதுதான் புரிந்தது.

வகுப்பு முடிந்ததும், இன்று பயிற்சி நடத்த நேரில் வந்திருந்தவரிடம் கேட்டேன்: "எண்ணம் சரியானதாக இருந்தால் என்ன செய்வது? அதையும் போக விடுவதா?" அவர் நல்லவர்தான், சிரித்தார். "அது இந்த வகுப்பின் பாடத்தில் இல்லை" என்றார்.

மேசைக்குத் திரும்பிப் பதினொரு புகாரைத் தீராதது என்று திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு மேலாளர் கூப்பிட்டிருக்கிறார். இரவு தூக்கம் வராது என்று தோன்றுகிறது. வகுப்பு உள்ள நாளில் தூக்கம் வராதது இதுதான் முதல் தடவை.

ராபர்ட்சன்பேட்டை | செவ்வாய், இரவு 10.25

தனியாகப் போகாதே. மற்ற மூன்று பேரிடமும் காலையில் பேசிவிட்டு நாலு பேராகப் போ.

வி.கோட்டை வாத்தியார் | செவ்வாய், இரவு 10.32

அதையேதான் நானும் சொல்ல வந்தேன். இந்தத் தம்பியோடு நான் ஒத்துப்போவது இதுவே முதல் முறை, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டுக்கூடு ராமகுப்பம் | செவ்வாய், இரவு 11.50

நாலாம் தோலுரிப்பு முடிந்து புழு எழுந்துவிட்டது. இனி ஏழு நாள் இரவு பகல் இலை வெட்டுவதுதான், இந்தப் பக்கம் வர முடியாது.

ஆளவிக் கதையைச் சந்தையில் என்னிடம் கூடு வாங்குகிற பாய் ஒருவரிடம் போனில் சொன்னேன். முப்பது வருடமாகக் கொதிநீரில் கை வைக்கிறவர். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அந்த ஆட்கள் கிட்ட நானும் பேசியிருப்பேன்" என்றார். அடுத்த வாக்கியத்தில் இந்த முறை ஈரம் அதிகமில்லாமல் கொண்டுவா, இல்லாவிட்டால் விலை இறங்கும் என்றார்.

காலையில் இன்னும் நாலுதான் சொல்கிறேன். முதலாவது இடத்தில் நிற்கிற நேரம் மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. இலை போட நேரமாகிவிட்டது, வருகிறேன்.